இரண்டாம் மாடியில் நின்ற சூடு

எம்மன்புரூக்கே என்னும் குளிர்நாட்டு ஊரில் எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில், கீழ்வீட்டார் சூடு தாங்காமல் ஜனவரியிலும் யன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். உச்சி மாடியில், குழாய்வழியே சுடுதண்ணி ஏறிவர வேண்டிய எங்கள் ஹீட்டர் பச்சைத்தண்ணிபோலக் கிடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி கையுறையோடு படுத்தாள். விதிமுறைப்படி கட்டட நிர்வாகத்துக்கு மூன்று கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றுக்கும் மரியாதையான பதில் வந்தது, சூடு வரவில்லை.

கடைசியில் நிர்வாகம் அனுப்பிய ஹீட்டர்காரர் தமிழர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. கடிதப் பிரதிகள் அடங்கிய கோப்பை நீட்டினேன். அதன்மேல் தன் தொப்பியை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"தம்பி, குளிர் இஞ்சதான். நீர் எங்க போறீர்?"

"சூடு கூடின வீட்டிலதான் ஐயா வேலை. அங்க கொஞ்சம் இறுக்கினா மிச்சம் தானா மேல வரும்."

கீழ்வீட்டு வால்வுகளைச் சற்று இறுக்கிவிட்டு வந்தவர், எங்கள் ஹீட்டரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தரையில் இருந்தார். வெளியே பனி கொட்டியது. நானும் ஏனோ பக்கத்தில் இருந்துவிட்டேன்.

"வருதோ?"

"ஓம். இப்ப ரெண்டாம் மாடியில நிக்குது. அவசரப்படுத்தாதேங்கோ."

நெடுநேரம் கழித்துக் குழாய் மெல்ல முனகியது. இது எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி கையுறை கழற்றிய வெறுங்கையோடு வாசலில் நின்று, "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்றாள்.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. காலையில் நானும் ஹீட்டரில் கைவைத்துக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். சூட்டைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை.

"எத்தினையாம் மாடியில நிக்குதாம்?" என்று சமையலறையிலிருந்து அவள் கேட்கிறாள்.