நாற்காலி முதுகில் ஓடிய விரல்கள்

வங்காளத்து நியூ டவுன் அலுவலகத்தில் எங்கள் மேனேஜர் ஒல்லியான தமிழர். டெட்லைன் நெருங்க நெருங்க, ஓயாமல் என் பின்னால் வந்து நின்று, "எவ்வளவு ஆச்சுப்பா?" என்பார். அவர் நின்றாலே நான் எழுதும் கோட் தப்பாகும். அவர் விரல்களோ என் நாற்காலி முதுகில் தாமாகவே டைப் அடிக்கும். ஒரு காலத்தில் அபாரமாகக் கோட் எழுதியவராம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "சார், நீங்க கேக்காம இருந்தாலே முடிஞ்சிடும்."

"தெரியும்பா. ஆனா கேக்கறதையும் விட்டுட்டா எனக்கு இங்க என்ன வேலை?"

எழுந்து, "நீங்களே உக்காருங்க சார்" என்றேன்.

கீபோர்டையே பார்த்தார். கைகளை பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, பக்கத்து சீட் வங்காளிப் பெண்ணிடம் போய், "கொதோ தூர்?" என்று அதையே கேட்டார்.

பைக்குள்ளும் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.