கடைசி நாள் சேருமா, சேராதா

மேனேஜர் அண்ணாச்சியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். ‘வேன்: கடைசி நாள் சேரும். ரூம்: கடைசி நாள் சேராது.’ குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு அவர் மேனேஜர். அப்படியொரு சீட்டை எழுதி வைக்கும்படி ஆக்கியது நான்.

தென்காசியில் நாலே பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. அந்த லாட்ஜுக்கு அறை பதிய ஒரு ஆப், வேன் பதிய ஒரு ஆப், இரண்டையும் நான்தான் எழுதினேன், வெவ்வேறு அவசரத்தில். சனி முதல் ஞாயிறு வரை என்றால் வேன் ஆப் இரண்டு நாளும் வண்டியை ஒதுக்கும். அறை ஆப்போ ஞாயிறு காலையில் காலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஒரே முதலாளி, ஒரே வாசல், ஆப்புகள் மட்டும் ஆளுக்கொரு பேச்சு. “எம்மா, ரெண்டையும் ஒண்ணு போல வச்சா என்ன? நான் குழம்புதேன்லா” என்று அண்ணாச்சி எத்தனை தடவை கேட்டிருப்பார்! “பழகிரும் அண்ணாச்சி” என்பேன். என்ன திமிர் எனக்கு!

சாரல் சீசனுக்கு முன்னால், அறையையும் வேனையும் சேர்த்துப் பதிய ஒரே திரை வேண்டும் என்றார் லாட்ஜ் முதலாளி. எழுதிக் கொடுத்தேன். “இதுல கடைசி நாளும் சேரும், அப்படியே போடுங்க” என்று அண்ணாச்சிக்குச் சொன்னதும் நான்தான். அவர் சொன்னபடியே போட்டார். அந்தத் தேதியை அறை ஆப்புக்கு அனுப்பும்போது ஒரு நாள் கூட்டி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. மறந்துபோனேன், அவ்வளவுதான்.

சீசனின் நல்ல கூட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். அறையில் இருப்பவர்கள் ஞாயிறும் தங்களுக்குத்தான் என்கிறார்கள். அதே அறைகளுக்குப் பதிந்து வந்த குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு சாரலில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கின்றன. “எம்மா, நான் தேதியத் தப்பாப் போட்டுட்டேன்னு முதலாளி வெளிய போகச் சொல்லுதாரு. ஆப்புல உள்ள கோளாறுன்னு ஒரு வார்த்தை அவருட்ட சொல்லும்மா. இருவது வருசமா இங்கன கெடக்கேன், ஒன்னக் கும்புடுதேன்.” எனக்குத் தெரியும், எதையும் திறந்து பார்க்காமலே தெரியும். சொன்னால் என் வேலை போய்விடும். “பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மறுநாள் இரண்டு ஆப்புக்கும் ஒரே முறை வைத்தேன். கடைசி நாள் எங்கேயும் சேரும். அரைநாள் வேலை, பாவி, அரைநாள்கூட ஆகவில்லை. அதற்குள் அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாக எந்த ஆப் எழுதினாலும் என் முறையைத்தான் பின்பற்றச் சொல்கிறார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கிறது.

போன வாரம் அவரைச் சுரண்டை பஸ்சில் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாராம். உண்மையைச் சொல்லிவிடத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். “அன்னைக்கு நான்தாம்மா ஏதோ தப்பாப் போட்டுருக்கேன். வயசாவுதுல்லா? பாவம், ஒன்னையப் போட்டு அந்தப் பாடு படுத்திட்டேன். மனசுல வச்சுக்காத, என்ன?”

நான் தலையாட்டினேன்.