பெரியம்மா உதறிய பேர்

என் மகள் பிறந்ததும் காலில் கட்டிய பிளாஸ்டிக் பட்டியில் அவளுக்கென்று ஒரு பேர் இல்லை. என் பேரைப் போட்டு, இன்னாரின் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். மாதம் நிறையாமல் பிறந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவளுக்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பேர் வைக்கும் முன்பே பறிகொடுத்தவள் நான். அந்தப் பட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறியது.

என் கணவரோ வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு போனில் பேர் தேடினார். இந்த வருசம் எல்லாரும் வைக்கிற பேர், அதன் பொருள், அதற்குரிய எண். ‘ஆதிரா’வில் வந்து நின்றார். ஓரிடத்தில் அதற்கு நிலா என்று போட்டிருந்தது, இன்னோரிடத்தில் மின்னல். வானத்தில் ஆதிரை என்றொரு நட்சத்திரம் இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூச்சுக்கே பாடுபடுகிற பிள்ளைக்குப் பொருள் எதற்கு? என் மனதில் பெரியம்மாவின் பேர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா, களுதாவளையில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்தவை ஒன்றும் தங்கவில்லை. அதனால் பிறந்த கையோடு அவரைச் சுளகில் கிடத்தி, வளவு மூலைக் குப்பைமேட்டில் வைத்தார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் தூக்கி வந்து, “குப்பையில கிடந்த புள்ள, உங்களுக்கு வேணுமா?” என்று கேட்டுக் கொடுத்தாளாம். பேரும் குப்பம்மா ஆயிற்று. வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போவான் என்பது கணக்கு. எமன் விட்டான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடவில்லை. வளர்ந்ததும் தானாகவே சுலோசனா என்று மாற்றிக்கொண்டார். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஒருநாளும் ‘ஓம்’ என்று குரல் கொடுத்ததில்லை. ஒரு தரம் மாமா அந்தப் பேரைச் சொல்லிப் பகிடி விட, சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனவர்.

அப்படிப்பட்டவர் கஞ்சியோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கேட்டேவிட்டேன்.

“பெரியம்மா, உங்கட பழைய பேர இவளுக்கு வைக்கட்டா?”

முகம் கறுத்தது. “உனக்கென்ன விசரா புள்ள? அந்தப் பேரால நான் பட்டது போதாதா? நல்ல பேரா வையி.”

கோபத்தோடுதான் பிள்ளை கிடந்த அறைக்குள் வந்தார். தாயைத் தவிர யாரையும் விடாத தாதி கண்டும் காணாமல் விட்டார். குழந்தையின் நெஞ்சு குழிந்து குழிந்து எழும்புவதைக் கண்டதும் பெரியம்மா குனிந்தார். கண்ணாடியோடு முகத்தை ஒட்டினார்.

“குப்பம்மா… என்ட பேர நீயே வெச்சிக்க மகள். எனக்கு அது காவலா நிண்டது. உனக்கும் நிக்கும்.”

அவர் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டது அன்றைக்குத்தான். சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன்.

பதிவில் ஆதிரா என்றே போட்டோம்; பெரியம்மா கொடுத்த பேர் எழுத்தில் ஏறவில்லை. இப்போது அவளுடைய பாலர் வகுப்பில் மூன்று ஆதிரா. கூப்பிட்டால் மூன்றும் திரும்பும். பெரியம்மா போன மாரிக்காலத்தில் காலமானார். மரண அறிவித்தலில் அவர் ஆசைப்படி சுலோசனா என்று மட்டும் போட்டோம்.

இன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல். டொக்டர் பயமில்லை என்கிறார். பயம் அவருக்கில்லை, எனக்கு. காலையிலிருந்து அறைக்கும் குசினிக்குமாக நடக்கிறேன், நெற்றியைத் தொடுகிறேன், மறுபடியும் நடக்கிறேன். அலுமாரியிலிருந்து அந்தப் பட்டியை எடுத்து அவள் காலோடு வைத்துப் பார்த்தேன். இப்போது அது பெருவிரலைத்தான் சுற்றும். குனிந்து, காதோடு மெல்லக் கூப்பிட்டேன்.

“குப்பம்மா.”

கண்ணைத் திறக்காமலே, “ஓம்” என்றாள்.