வாடைக்காற்றும் நான் எழுதிய அறிக்கையும்

என் பிழைக்குப் பொறுப்பாளியாக இன்னொருவரின் பெயரை எழுதி, அவருடைய வேலையைப் போக்கினேன். இதற்கு மேல் அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சேர்வர்களும், கடலோட்டத்தையும் வானிலையையும் கணிக்கும் பெருங்கணினிகளும் விற்கும் கம்பனியொன்றில் பெருங்கணினிப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்தேன். திருகோணமலைத் துறைமுகத்தருகே ஓர் இயந்திரத் தொகுதி நிறுவினோம். ஏசி வேண்டாம், வெளிக்காற்றை இழுத்தே இயந்திரங்களைக் குளிர்விக்கலாம் என்பது என் யோசனை. குளிர்நாடொன்றில் பார்த்துவிட்டு வந்தது. தலைமையகத்தில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டலும் வாங்கியாயிற்று.

பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரரான எங்கள் பொறியியலாளர் மட்டும் மறுத்தார். "சேர், வாடைக்காற்று உப்பையும் கொண்டுதான் வரும். என்ட மோட்டார்சைக்கிளைப் பாருங்க, துருப் பிடிச்சுக் கொட்டுது."

"அதையும் சேர்வர் எண்டு நினைச்சீங்களோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வாடையிலேயே சேர்வர்களின் மின்பலகைகள் உப்பேறிப் பச்சை பூத்துச் செத்தன. எங்கள் தொழிலில் பழுதுக்குப் பின் காரண அறிக்கை எழுத வேண்டும். பொறுப்பாளருக்கான கட்டத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். காற்று வடிகட்டிகளை நேரத்துக்கு மாற்றவில்லை என்று அவர் பெயரை எழுதினேன். அவர் மாற்றியிருந்தார்.

ஓய்வுபெற்று ஊரோடு வந்த பிறகு அவரைத் தேடிப் போனேன். வீடு வீடாக ஏசி திருத்திக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தின் சேர்வர் அறை வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர்கள் எங்கள் கம்பனியில் விசாரிக்க, என் அறிக்கைதான் குறுக்கே நின்றது.

"உண்மையை எழுதித் தாங்க சேர். வேற ஒண்டும் வேணாம்."

கம்பனிக்கு எழுதினேன். மூடிய அறிக்கையைத் திறக்க என் பழைய மேலாளர் ஒப்பமிட வேண்டுமாம். அவர் காலமாகிவிட்டார் என்றேன். அப்படியானால் அவருடைய தற்போதைய மின்னஞ்சல் முகவரியை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. மூன்று தரம், அதே பதில்.

பொறுக்கமுடியாமல் என் கைப்படக் கடிதம் எழுதி அந்த அலுவலகத்துக்கே கொண்டுபோனேன். முகாமையாளர் வாசித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "ஐயா, இப்படி நேர்மையான ஆள் எங்க கிடைக்கும்? நீங்களே எங்களுக்கு ஆலோசகரா வாங்கோவன்."

"தம்பி, பிழை விட்டவன் நான். சரியாச் சொன்னவர் அவர். அவரை எடுங்கோ."

"ஓம் ஓம், அதையும் பாப்பம். நீங்கள் எப்ப வருவீங்கள்?"

வரமாட்டேன் என்று எழுந்துவிட்டேன். அடுத்த கிழமை வேறு யாரையோ எடுத்தார்கள்.

அவர் ஓர் ஏணியில் நின்று ஏசிக்கு வாயு நிரப்பிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். "எனக்கு வேலை கேக்கப் போய் உங்களுக்குக் கிடைக்கப் பாத்திருக்கு" என்றார். சிரிக்கவில்லை. கடிதத்தின் பிரதியை இறங்கி வந்து வாங்கி, நின்றபடியே முழுதும் வாசித்தார்.

"வடிகட்டி மாத்தினது ஆறு தரம். அதைப் போடல்லியே."

அவருடைய பேனையாலேயே எழுதி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார்.