ஒரு 'பரவாயில்லை'யும் மூன்று சுற்றும்

விழுந்த பிள்ளைக்குக் கைதட்டுகிற ஊரில் நான் இருக்கிறேன். கனடாவில் நாங்கள் குடியிருக்கும் சிறிய டவுனில் பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று உண்டு. 'ரிங்க்' என்பார்கள். ஆடி ஆடிக் கீறல் விழுந்த ஐஸைச் சீவி, மேலே தண்ணீர் விட்டு வழுவழுப்பாக்கும் வண்டியை ஓட்டுவது என் வேலை. காலையில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வரும். இரண்டடி வைப்பதற்குள் தொப்பென்று உட்காரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாக்கள் "குட் ஜாப்! குட் ஜாப்!" என்று கத்திக் கைதட்டுவார்கள். விழுந்ததற்கு என்ன பாராட்டு என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

நான் மாமல்லபுரத்துக்காரன். பத்தாவது வரை படித்துவிட்டு சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வி செங்கல்பட்டில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததால், மகள் நிவேதாவுக்கு ஐந்து வயதாகும்போது கிளம்பி வந்தோம். கொண்டுவந்த பெட்டியில் தலசயனப் பெருமாள் படம் ஒன்று இருந்தது. சொல்லாமலே கூட வந்த பழக்கமும் ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளையை நம் வாயால் புகழ மாட்டோம். புகழ்ந்தால் கண் பட்டுவிடும். அதிலும் பெற்றவர் கண்தான் பொல்லாத கண் என்பார்கள். மனசு நிறைந்து வழிந்தாலும் "ம், பரவாயில்லை" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். நம்மூரில் அது எல்லாருக்கும் புரியும்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நிவியை வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அழைத்துப்போயிருந்தேன். அந்தச் சரிவில் பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கிச் சறுக்கிப் பாறையே பளபளத்துப் போயிருக்கிறது. எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்து வந்தது. இவள் மட்டும் நின்றபடியே சறுக்கி வந்தாள். கூட வேன் ஓட்டும் ஏழுமலை வாயில் கை வைத்தான்.

"டேய் மச்சான், இன்னாடா இது! உன் பொண்ணு நின்னுகினே வருது!"

"பரவால்ல, வூட்டுக்கு ஒரு கொரங்கு கீது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நிவியும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தது.

இங்கே வந்து நான் ரிங்கில் வேலைக்குச் சேர்ந்ததும் அவளும் ஐஸில் இறங்கினாள். எட்டு வயதில் முதன்முதலாகக் காற்றில் ஒரு சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினாள். நேராக என் வண்டியிடம் ஓடிவந்து, "அப்பா, பாத்தியா?" என்றாள். பார்த்தேன். நெஞ்சு படபடத்தது. "பரவால்ல" என்றேன். இரண்டு சுற்று வந்தது. அதற்கும் "பரவால்ல". இந்த ஆட்டத்தில் ஒரு சுற்று கூடினால் மார்க் கூடும். ஒருத்தி இரண்டரை சுற்றினால் அடுத்தவள் மூன்றுக்குத் தாவுவாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து முட்டியிலும் கணுக்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் குதித்து இறங்கிய இடத்தில் கட்டைவிரல் ஆழத்துக்குக் குழி விழும். அந்தக் குழிகளையெல்லாம் நீர்விட்டு நிரப்பி மூடுவது நான்தான்.

போன வருஷம் உள்ளூர்ப் போட்டியில் நிவி இரண்டரை சுற்று சுற்றித் தடுமாறாமல் இறங்கினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச் மார்த்தா என்னிடம் வந்து, "யூ மஸ்ட் பி ஸோ ப்ரௌட்!" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் 'ப்ரௌட்' என்றால் கர்வம் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். பகவான் கொடுத்ததற்கு நான் கர்வப்படுவதாவது! பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"நோ நோ மேடம்! ஐ ஆம் நாட் ப்ரௌட். நெவர்!"

மார்த்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது. நிவி பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலை குனிந்தவள் நிமிரவேயில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

மறுவாரமே மூன்று சுற்றுக்குப் பழக ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழுவாள். ஒரு நாள் செல்வி, "இன்னாடி, கால இஸ்துகினு நடக்கற?" என்று கேட்டாள். "ஒண்ணுல்லம்மா, பூட்ஸ் டைட்டு" என்றாள். நர்ஸ் கண்ணுக்கே தப்பிவிட்டது. பெரிய போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மார்த்தா, மூன்று சுற்று வேண்டாம், இரண்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

போட்டியன்று காலையில் பெருமாளுக்கு விளக்கேற்றி, "புள்ள விழாம பாத்துக்கப்பா" என்று வேண்டிக்கொண்டேன். அவள் உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். பூட்ஸுக்குள் யாருக்கும் தெரியாது.

"அப்பா, இன்னிக்கி நல்லா பண்ணா இன்னா சொல்லுவ?" என்றாள்.

"மொதல்ல பண்ணு, பாப்போம்" என்றேன்.

அந்த ஒரு பதிலை நினைக்காமல் நான் இன்றுவரை படுத்ததில்லை.

பாட்டு நடுவில் அவள் பின்பக்கமாக வந்து எழும்பினாள். ஒன்று. இரண்டு. அதோடு நிறுத்தவில்லை. மூன்றாவதும் சுற்றினாள். கால் கோணலாக இறங்கியது. காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஐஸில் மல்லாந்து கிடந்தாள். மற்ற ஊர்களில் பாம்பணையில் படுத்திருக்கிற பெருமாள் எங்கள் ஊரில் வெறுந்தரையில்தான் படுத்திருக்கிறார். அவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார். சாதாரணச் செருப்போடு ஐஸில் ஓடி, நானும் வழுக்கி அவள் பக்கத்திலேயே விழுந்தேன். ஸ்ட்ரெச்சரில் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. என் பிள்ளையின் கால் உடைந்ததற்கா தட்டுகிறீர்கள் என்று அவர்கள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. தைரியம் சொல்லத் தட்டினார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டாள்: "மூணு சுத்துனேன்ல? லேண்டிங்தான் ஆவல. இதுவும் ஜஸ்ட் ஓகேதானா?"

"யாரும்மா ஜஸ்ட் ஓகேன்னு சொன்னது?"

"நீதான். பரவால்லன்னா ஜஸ்ட் ஓகேதானே? எப்பவும் அதான சொல்ற? மார்த்தாகிட்டகூட ப்ரௌட் இல்லன்னு சொன்னியே, நெவர்னு."

செல்விதான் பதில் சொன்னாள். "அடி பைத்தியமே, உங்கப்பன் அப்டி சொன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்டி. கண்ணு பட்டுடும்னு பயம் அதுக்கு."

"யார் கண்ணு?" என்றாள் நிவி.

"என் கண்ணுதாம்மா" என்றேன்.

அந்தக் கண்ணுக்குப் பயந்து நான் விழுங்கிய சொல்லைத் தேடித்தான் ஆறு வருஷமாக என் பிள்ளை ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இனிமேல் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய விரிசல் ஒன்றை மறைத்து ஆடியிருக்கிறாளாம். போனில் ஏழுமலை, "பெருமாள் கைவுடல மச்சான், கால் நடக்குதுல்ல" என்றான். நடக்கிறது. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அவள் இழந்ததை அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை. வாய்தானே கெடுத்தது.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நம் சொல்லைப் பிள்ளைகள் வாங்கிக்கொள்கிறார்கள். அதன் உள்ளே நாம் வைத்ததை வாங்கிக்கொண்டார்களா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை, கட்டுப் பிரித்த பிறகு முதல்முறையாக நிவி ரிங்குக்கு வந்தாள். ஓரத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு வட்டம் வந்தாள், அவ்வளவுதான். நான் ஒரு காலை ரப்பர் விரிப்பிலும் ஒரு காலை ஐஸிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த அம்மாக்களைப் போலவே கைதட்டி, "குட் ஜாப்! குட் ஜாப், நிவி!" என்று கத்தினேன். குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்லப்பா" என்றாள்.

நன்றாகக் கத்தினாய் என்று சொன்னாளா, போனது போகட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், கைதட்டிய அதே கைகள் நான் சொல்லாமலே என் நெற்றிப்பொட்டுக்குப் போய் நெட்டி முறித்தன.