நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பை மண்

மண்ணைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். ஆனால் கடைசியில் எழுதியிருக்கும் சம்பவத்தை மட்டும் இன்னும் என்னாலேயே நம்ப முடியவில்லை. மற்றவர் கொண்டுவந்து தருவதை வைத்து முடிவு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பிஸ்கட் பேணி

வேலணையிலிருந்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் பிஸ்கட் பேணியில் மண் கொண்டுவந்தார். கறுத்த, மெத்தென்ற மண். போகத்துக்குப் போகம் உரம் கொட்டி வெங்காயம் எடுக்கும் தரை இப்படியா இருக்கும்? "எங்கை கிண்டினனீங்கள்?" என்று கேட்டேன். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் என்றார், கூச்சமே இல்லாமல்.

"பொம்பிளை பாக்க வாறவைக்கு ஆர் சேர் அழுக்குச் சட்டையோட காட்டுறது?"

மடியில் தூங்கும் காணிகள்

தீவுகளிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகில் என் மடி நிறைய மண் பைகள். கடல் ஆட்ட ஆட்டக் கண் சொருகும். உழுத தரை, மாடு மேய்ந்த தரை, ஊர் பெயர்ந்த நாளிலிருந்து யாரும் மிதிக்காத தரை எல்லாம் ஒன்றோடொன்று சாய்ந்து தூங்குவதுபோலத் தோன்றும். எந்தப் பைக்குள் யாருடைய காலம் இருக்கிறது என்று அப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் படகோட்டி தோளில் தட்டி எழுப்பினார்.

"சிவபெருமானும் பிட்டுக்குத்தான் மண் சுமந்தவர். நீர் என்னத்துக்குச் சுமக்கிறீர்?"

புஷ்பம் அக்கா

நெடுந்தீவுப் புஷ்பம் அக்காவின் மாடுகள், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் காணியில் நெடுங்காலமாக மேய்ந்தன. மண் நல்லதென்றால் திரும்பி வந்து தோட்டம் செய்வதாகத் தம்பி சொல்லியிருந்தார். அக்காவே மண் எடுத்து வந்தார். வெளிறி, உப்புப் பிடித்த மண், சத்து இல்லை. சாணம் விழுந்த தரை அப்படி வெளிறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பையில் தம்பியின் பெயர் இருந்தது. பயிருக்கு உதவாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். போய்ப் பார்க்க அலுத்துப் பஞ்சிப்பட்டேனா, அக்காவின் முகத்துக்காக விட்டுவிட்டேனா, இன்றும் தெரியாது. அறிக்கையை அவர் நாலாக மடித்தார்.

"அப்ப அவன் வரமாட்டான்."

அந்தக் காணி

அறிக்கை எழுதிப் பல வருடங்களின் பின், போன தை மாதம் வேறு வேலையாக நெடுந்தீவுக்குப் போனேன். தம்பி வரவேயில்லை. கல்வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல். குனிந்து கிள்ளினேன், கறுத்த மண் விரலில் ஒட்டியது. பையில் வந்தது இந்த மண்ணே அல்ல. தனிமனுஷியாக இருக்கும் அக்கா, பசுவின் கழுத்தைத் தடவியபடி என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்க வேண்டிய நேரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, வருடங்கள் போனபின் கேட்பதுதான் எங்கள் தொழில்:

"அக்கா, அவரை வரவிடாமல் செய்தது நீங்களோ, நானோ?"