உறுமிக்கு ஒரு மழைப்பை

தையல் புராஜெக்டில் பாதி நேரம் தைத்ததைப் பிரிப்பதிலேயே போய்விடும். பள்ளியில் படிவம் ஐந்தில் இதை எடுத்து அழுதவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் அண்ணன் மெர்லிமாவில் ஓர் உறுமி மேள செட்டில் வாசிக்கிறான். மேளத்தை மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோவான். தோல் நனைந்தால் தொய்ந்துவிடும், சத்தமே வராது. அவனிடம் இருப்பது அந்த ஓர் உறுமிதான். அதற்கு மழை புகாத பை தைப்பது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாய்க்கொழுப்பு.

ஷவர் சோதனை

முதலில் கேன்வாஸ். தண்ணீர் போகவே போகாது என்று கடையில் சத்தியம் செய்தார்கள். பைக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஷவருக்கு அடியில் வைத்தேன். பேப்பர் கூழாகிவிட்டது. அடுத்து ரெயின்கோட் துணி. தண்ணீரைத் தாங்கியது, உறுமியின் வளையம் உரசியதும் கிழிந்தது. வேலைக்குக் கிளம்ப வேண்டிய அம்மா, துண்டோடு வெளியே நின்று கதவைத் தட்டினார்.

“பையக் குளிப்பாட்டினது போதும், பெத்தவ குளிக்கணும். வெளிய வாடி!”

பாதி முகம்

பேனர் மழையில்தானே தொங்குகிறது? அண்ணனோடு செட்டில் தப்பு மேளம் வாசிக்கும் சுரேன் அண்ணனின் இருபத்தோராவது பிறந்தநாள் பேனர், எங்கள் கோழிக்கூண்டை மூடிக் கிடந்தது. கழுவி வெட்டினேன். கத்தரி அவர் மூக்கு வழியாகப் போனது. அன்று பார்த்து அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“மூஞ்சிய உள்ள மறைச்சிடாதலா. வெளிப்பக்கம் வை, செலண்டார் திருவிழாவுல பொண்ணுங்க பாக்கட்டும்!”

ஜெயா அக்கா கடை

வீட்டு மெஷினில் பேனர் நகரவே இல்லை. டவுனில் ரவிக்கை தைக்கும் ஜெயா அக்காவிடம் கெஞ்சி, அவருடைய பெரிய மெஷினில் உட்கார்ந்தேன். அதிலும் துணியை அமுக்கும் காலில் பேனர் ஒட்டிக்கொண்டது. மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. இது நானே கண்டுபிடித்தது. அந்தப் பெருமையில் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டேன். இழுத்துப் பார்த்தால், ஊசி ஓட்டைகளின் வரிசையிலேயே கிழிந்தது. பிறகு நீளத் தையலாக இரண்டு வரி போட்டு, ஓட்டைகளுக்கு மேல் ஒரு பட்டையைப் பசை தடவி ஒட்டினேன். அதையும் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். கிழியவில்லை.

“தைக்கத்தான் எல்லாரும் எங்கிட்ட வருவாங்க. கிழிக்கிறதுக்குன்னே வந்தவ நீ ஒருத்திதான்டி!”

செலண்டார் மழை

கோயில் திருவிழா. “உறுமி நனைஞ்சுச்சுன்னா, உன் முதுகுதான் மேளம்” என்று சொல்லித்தான் அண்ணன் மோட்டாரை எடுத்தான். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில் கொட்டியது பாருங்கள், கண்ணே தெரியவில்லை. ஒதுங்க நேரமில்லை, சாமி புறப்படப்போகிறது.

போய்ச் சேர்ந்தால், பிளாஸ்டிக் சுற்றி வந்த, செட்டின் மற்ற இரண்டு உறுமிகளும் தொய்ந்து கிடந்தன. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அண்ணன் பையைத் திறந்தான். தோலைத் தடவினான். குச்சியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தான். உறுமியது! அன்று ஊர்வலத்தில் முன்னால் போனது அந்த ஓர் உறுமிதான். செட்டை நடத்தும் மாமா என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, மத்த ரெண்டுக்கும் எப்ப அளவெடுக்கிற?”

பள்ளியில் புராஜெக்டுக்குப் புள்ளி இன்னும் போடவில்லை, ஆனால் தலை முதல் கால் வரை நனைந்து ஒரு வாரம் தும்மிக்கொண்டே பெருமைப்பட்டவள் எங்கள் வகுப்பில் நான் மட்டும்தான்.